கிழக்கேகோட்டையில் இரண்டு சதுரங்கள்

பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுப்பது என்பது, அடுத்த வீட்டு அடுப்பில் பாலை வைத்துவிட்டு நம் வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. பொங்குகிறதா, தீய்கிறதா, ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உங்களில் யாராவது சொந்தப் பிள்ளைக்காவது கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் சொல்வது புரியும். பரீட்சை எழுதுவது அவர்கள். தூக்கம் போவது நமக்கு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாகர்கோவில் பக்கம் தமிழில் படித்தேன். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபிறகு பஸ் போர்டுகளைப் பார்த்துப் பார்த்து மலையாளம் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன். கிழக்கேகோட்டையில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில், பூஜைச் சாமான் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரருக்குத் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் ரூம் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை. மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வந்து உட்கார்ந்தது. அதன் பின்னால் இன்னும் சில. மகள் நர்ஸ் வேலை கிடைத்துக் கொச்சிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் வருவது மட்டும் நிற்கவில்லை. அம்மாக்கள் ஹோட்டல் அடுக்களையிலும் துணிக்கடையிலும் நிற்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையை உட்கார்த்தி வைக்க ஓர் இடம் வேண்டும். ஏழாம் வகுப்புக்கு மேல் நான் எடுப்பதில்லை. எட்டாம் வகுப்பை நானே பயந்துகொண்டுதான் படித்தேன்.

மற்றப் பாடமெல்லாம் எப்படியோ ஓடிவிடும். வடிவங்கள் வரும்போதுதான் எனக்கு இருப்புக்கொள்ளாது. படம் போடு என்றால் போட்டுவிடுவார்கள். இது என்ன என்றால் பெயரும் சொல்லிவிடுவார்கள். "ஏன் அதற்கு அந்தப் பெயர்?" என்று கேட்டால் எல்லாரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

பேச்சி

பேச்சி ஆறாம் வகுப்பு. பெயர்தான் பேச்சி, வாயைத் திறக்க மாட்டாள். அவள் அம்மா இசக்கி, கிழக்கேகோட்டை ஹோட்டல் ஒன்றில் காய் நறுக்குகிறாள். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். இரண்டு பேருக்கும் சங்கரன்கோவில் பக்கம். இங்கே ஒரு நல்ல வாடகை வீடு அமையும்வரை பேச்சியை ஊரில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கே தமிழில் படித்தவளை, நாலாம் வகுப்பில் கூட்டிவந்து வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மலையாளம் மீடியத்தில் சேர்த்தார்கள். மகளை மறுபடி பக்கத்தில் படுக்கவைத்துத் தூங்க இசக்கி எத்தனை நாள் புருஷனோடு மல்லுக்கட்டினாள் என்பது எங்கள் சந்துக்கே தெரியும்.

கணக்கில் பேச்சி போன வருஷம் முழுவதும் தோல்வி. அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: ஆவணியில் வருகிற ஓணப் பரீட்சையிலும் கணக்குப் போனால் பிள்ளை திரும்ப அத்தை வீட்டுக்கு. ஜூன் மாத மழையில் ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு வந்தார்கள். பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டு இசக்கி வாசலிலேயே நின்றாள். "யக்கா, கணக்கு என்னமும் ஆகிட்டுப் போகுது. எம்பிள்ள எங்கூட இருக்கதுக்கு என்ன படிக்கணுமோ, அத மட்டும் சொல்லிக் குடுங்க."

மூடாத முக்கோணம்

முதலில் முக்கோணம். "மூன்று பக்கம் இருந்தால் அது முக்கோணம்" என்றேன். சுலபம்தானே? மணி என்று ஒரு பையன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வாய். அவன் மூன்று கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் விபூதிப் பட்டை மாதிரி இழுத்துக் காட்டினான். தப்பு, கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும் என்றேன். மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்த்துக் காக்கைக்கால் போட்டான். தப்பு, உள்ளே இடம் அடைபட வேண்டும் என்றேன். அடைத்தான், ஆனால் கோடுகள் வயிறு தள்ளிக்கொண்டு சமோசா மாதிரி இருந்தன. தப்பு, நேர்கோடாக இருக்க வேண்டும் என்றேன். அதற்குள் எனக்கு வியர்த்து, மூச்சு வாங்கிவிட்டது.

அப்புறம்தான் பேச்சியின் தாளைப் பார்த்தேன். நடுவில் ஓட்டை. முதல் தடவையே அழகாக ஒரு முக்கோணம் போட்டிருக்கிறாள். மணியைப் பார்த்து நான் 'தப்பு' என்று கத்திய ஒவ்வொரு தடவையும் அவள் தன்னுடையதை அழித்திருக்கிறாள். தாளே கிழிந்துவிட்டது. வேறு தாள் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "நீங்க ஓரோண்ணா சொன்னா நாங்க எந்து செய்யும் அக்கா? ஆதியமே முழுசாச் சொல்லணுமாக்கும்."

டைமன்

ஒரு நாள் சதுரத்தைச் சாய்த்து, முனையில் நிற்கிற மாதிரிப் போட்டேன். எல்லாரும் ஒரே குரலில் "டைமன்!" கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருகிற ஸ்ரீராம் மட்டும் கொஞ்சம் விளக்கமாக, "சீட்டுக்கட்டுல செவப்பா இருக்குமே மாமி, அது" என்றான். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். "சதுரம்!" மறுபடி திருப்பினேன். "டைமன்!" ஸ்கேலும் மூலைமட்டமும் வைத்து அளக்கச் சொன்னேன். அளந்தார்கள். நாலு பக்கமும் ஒன்றுதான், நாலு மூலையும் மட்டம்தான், அதாவது செங்கோணம்தான், ஆனாலும் டைமன்தான் என்றார்கள்.

சில சமயம் நமக்குப் புத்தி எங்கிருந்தோ வந்த மாதிரி இருக்கும். "ஏண்டா, ஒரு மனுஷன் நேரா நின்னாலும் சாஞ்சு நின்னாலும் அதே ஆள்தானே? சாஞ்சுட்டா வேற ஆளா ஆகிடுவானா?" என்று கேட்டேன். எனக்கே என் உதாரணம் பிடித்துப்போய், பேச்சிக்குப் புரிகிறதா என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் மணியிடமிருந்து வந்தது. "எங்கப்பா சாஞ்சு வந்தா வேற ஆளாக்கும் அக்கா."

வட்டம்

வட்டத்துக்கு வரையறை சொல்வதற்குள் நான் பட்ட பாடு. 'நடுப்புள்ளியிலிருந்து எங்கே அளந்தாலும் ஒரே தூரம்.' சொன்னால் தலையாட்டுவார்கள். யாருக்கும் ஏறவில்லை என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரியும். பேச்சியை அறையின் நடுவில் நிறுத்தி, கையில் ஒரு கயிற்றின் நுனியைக் கொடுத்தேன். மறு நுனியை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நடந்தேன். கயிறு தொய்யக்கூடாது, அதுதான் விஷயம். என் உடம்புக்கு இரண்டாவது சுற்றிலேயே மூச்சு இரைத்தது. மணி பின்னாலிருந்து "ஓடுங்க அக்கா, ஓடுங்க" என்று உற்சாகப்படுத்தினான். சேலை தடுக்கி நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டபோது பேச்சி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

கீழே பூஜைச் சாமான் கடைக்காரர் மலையாளி, நல்ல மனிதர், ரத்தக்கொதிப்பு உண்டு. அவர் தலைக்கு மேல் திம் திம்மென்று சத்தம் கேட்டால் என்ன செய்வார்? படியேறி வந்து வாசலில் நின்றார். கயிறும் கையுமாக நான். மலையாளத்தில் 'வட்டு' என்றால் கிறுக்கு. பிள்ளைகளுக்கு வட்டம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று விளக்கினேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சேச்சீ, இது வட்டமோ, வட்டோ?"

நிர்வசனம்

நாம் வரையறை என்று சொல்வதை மலையாளப் பள்ளிக்கூடத்தில் நிர்வசனம் என்கிறார்கள். பேச்சியின் கணக்கு டீச்சர் வகுப்பில் வாய்மொழியாகக் கேட்கப்போகிறார் என்று தெரிந்து ஒரு வாரம் அவளை நான் நெருக்கினேன். முக்கோணம், சதுரம், வட்டம் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அன்று சாயங்காலம் அவள் படியேறுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "டீச்சர் கேட்டாங்களா?" கேட்டாங்க. "நீ சொன்னியா?" இல்லை. "தெரியலையா?" தெரியும். "பின்னே ஏன்டி சொல்லல?" பையைக் கழற்றி வைத்துவிட்டு, "நிர்வசனம் கேட்டாங்க. வசனம் இல்லாம நிக்கணும்னு மணியண்ணன் சொல்லிச்சு. அதான் பேசாம நின்னேன்" என்றாள்.

பாதி வகுப்பு நேரம் நின்றிருக்கிறாள். டீச்சர் மறுபடி மறுபடி கேட்கக் கேட்க இன்னும் விறைப்பாக நின்றிருக்கிறாள். இசக்கிக்கு இதை எப்படிச் சொல்வது என்று நான் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்தேன். மணியைக் கூப்பிட்டு, வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "நிர்க்கதின்னா கதி இல்லாதது. அப்போ நிர்வசனம்னா வசனம் இல்லாததுதானே? நான் கிராமர் வச்சாக்கும் சொன்னேன்."

சிவப்புக் கோடு

அடுத்தது, ஓணப் பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் ஓர் எழுத்துப் பரீட்சை. அதற்கு நான் விடவில்லை. 'நாலு பக்கமும் சமம், நாலு மூலையும் மட்டம்.' மூலையும் மட்டமும் இரண்டு பாஷைக்கும் பொது. பேச்சியால் மலையாள எழுத்தில் எழுதிவிட முடியும். அவள் புத்தகத்தில் 'சதுரம்' என்று எழுத்துக்கூட்டிப் படித்ததும், ஆ, நமக்குத் தெரிந்ததுதானே என்று எனக்கு ஒரு தெம்பு. கீழே 'சமசதுரம்' என்றும் ஒரு சொல் கண்ணில் பட்டது. அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்கிறார்கள்போல என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். மற்றப் பிள்ளைகள் தமிழ் மீடியம் அல்லது இங்கிலீஷ் மீடியம். மலையாளத்தில் கணக்குப் படிக்கிறவள் என்னிடம் வந்தது இவள் ஒருத்திதான்.

தாள் வந்தது. சதுரத்துக்கு எழுதிய வரையறையின் மேல் நீளமாகச் சிவப்புக் கோடு. நீள வடிவம் ஒன்றின் படத்தைக் கொடுத்துப் பெயர் கேட்டிருந்தார்கள். மலையாள எழுத்தில் 'செவ்வகம்' என்று எழுதியிருந்தாள். அதன் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பே இல்லை! கொச்சிக்குப் போன் போட்டு மகளிடம் படித்துக் காட்டினேன். அவளும் நான் படித்த தமிழ்தான் படித்தவள். சரிதானே அம்மா என்றாள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவரிடமும் படித்தேன். அவர் யோசித்துச் சொன்னது லாட்ஜ் பாஷையில். "சாவி சரியா இருந்தும் திறக்கலைன்னா, நீ வேற ரூம் வாசல்ல நிக்கேன்னு அர்த்தம்."

பள்ளிக்கூடத்தில்

மறுநாள் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். வழியெல்லாம் சண்டைக்கு வசனம் தயார். கணக்கு டீச்சர் சின்னப் பெண். என்னை உட்காரச் சொல்லி, நானும் டீச்சரா என்று கேட்டார். "வீட்டில்" என்றேன். தாளை நீட்டி, இதில் என்ன தப்பு என்றேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் நீளமாக ஒன்று வரைந்தார். "இது சதுரம்." பக்கத்தில் நாலு பக்கமும் ஒன்றாக ஒன்று வரைந்தார். "இது சமசதுரம்." நான் இரண்டையும் பார்த்தேன். நாம் செவ்வகம் என்பது இவர்களுக்குச் சதுரம். நம்முடைய சதுரம் இவர்களுக்குச் சமசதுரம். இத்தனை வருஷம் இந்த ஊரில் பலகை, பாய், தட்டு என்று எதையெல்லாம் 'சதுரம்' என்று கேட்டு வாங்கினேன்! கேட்டவர்களும் தலையாட்டிக் கொடுத்தார்களே, அவர்கள் மனதில் என்ன வடிவம் இருந்திருக்கும்?

டீச்சருக்கும் ஆச்சரியம். தமிழில் இப்படி என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை ஒரு வருஷமாகத் தப்பாகவே எழுதவில்லை, வேறு பாஷையில் சரியாக எழுதிக்கொண்டிருந்தாள் என்று புரிந்ததும், பாவம், அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ ஈ செவ்வகம் எந்நது ரெக்டாங்கிள் ஆணோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மலையாளத்திலும் செவி என்றால் காது, அகம் என்றால் உள்ளே; விசாரிப்பது என்றால் மட்டும் நினைப்பது. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அய்யோ சேச்சீ, குட்டி செவியுடே அகம் எந்நு எழுதியதாணெந்நு ஞான் விசாரிச்சு!"

சதுர அடி

காதுக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கில் எழுதினவளுக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? இதைப் பெற்றவர்களிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். அன்றைக்கென்று பிள்ளையைக் கூட்டிப்போக இசக்கிக்குப் பதில் அவள் புருஷன் வந்தார். தலைமுடியெல்லாம் சிமெண்ட். நடந்ததைச் சொன்னேன், தப்பு பேச்சி பேரில் இல்லை, என் பேரிலும் பாதிதான் என்று சொல்லிப்பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, "அப்ப நான் சதுர அடிக் கணக்குல ஒட்டிக் குடுத்தது பூரா இவங்களுக்குச் செவ்வக அடியாக்கா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இனிமேல் சரியாகிவிடும், சிக்கு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றேன். என் குரலிலேயே நம்பிக்கை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவர் மகளின் புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "நேத்து வரைக்கும் சரியா இருந்தது இன்னைக்குத் தப்புன்னா, பச்சப்பிள்ள எதத்தான் நம்பும்? பரீட்சை வரைக்கும் பாப்பேன். ஊருல அவ அத்த கட்டில் வாங்கிப் போட்டாச்சுக்கா."

நாக்கைத் திருப்புவது

படித்ததை மறப்பதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். கதவு, சதுரம். ஜன்னல், சதுரம். பஸ் டிக்கெட், சதுரம். கேரம்போர்டு, சமசதுரம். நானும் பேச்சியும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். தப்பினால் மணி ஸ்கேலால் மேஜையைத் தட்டுவான். அதிகம் தட்டு வாங்கியது நான்தான். அடுக்களையில் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டு 'இது வட்டம், இதாவது வட்டம்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு எந்தக் காலத்திலும் தீர்ந்ததில்லை. சதுரமும் ஒரு வகைச் செவ்வகம்தான் என்று எங்கள் சார் அந்தக் காலத்தில் சொன்னார். நான் நம்பவில்லை. பிள்ளைகளும் நம்ப மாட்டார்கள். எதிர்ப்பக்கங்கள் சமமாக, நாலு மூலையும் மட்டமாக இருந்தால் செவ்வகம். சதுரத்துக்கு அதெல்லாம் இருக்கிறதே என்று எத்தனை தடவை விளக்கினாலும், "அது வேற, இது வேற" என்று ஒரே பிடி. இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்பேன் என்று டீச்சர் சொல்லியிருந்ததால், எனக்கே நம்பிக்கை இல்லாததை எப்படிப் புகட்டுவது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். பேச்சி ஸ்கேலைக் கீழே வைத்தாள். "சமமா இருக்க சதுரம்தான சமசதுரம்? அப்ப அதுவும் சதுரம்தான். மலையாளத்துல பேருலயே இருக்குக்கா. நம்மதான் ரெண்டுக்கும் சொந்தமே இல்லாத மாதிரி பேரு வச்சிருக்கோம்."

பழவங்காடித் தேங்காய்

கணக்குப் பரீட்சை அன்று காலையில் வீட்டில் இருக்க முடியவில்லை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வாங்கினேன். விடிந்தால் பொழுதுபோனால் அந்தக் கல்லில் தேங்காய் சிதறுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அதைக் கேட்டே பழகினவள் நான். ஓங்கிப் போட்டேன். உடையவில்லை. தட்டென்று கல்லில் பட்டு, குதித்து, உருண்டு, ஒருவர் காலடியில் போய் நின்றது. அந்த நேரம் பேச்சி கையில் கேள்வித்தாள் வந்திருக்கும்.

தேங்காய் விற்ற ஆள் நம்மூர்க்காரர். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, எழுந்து போய் அதை எடுத்துவந்து என் கையில் வைத்தார். இது அபசகுனமா அண்ணாச்சி என்று கேட்டேன். "உருண்டையா இருக்கது உருளாம என்னம்மா செய்யும்? இன்னொருக்காப் போடுங்க."

ஓணத்துக்குப் பிறகு

ஓண விடுமுறைக்குப் பேச்சி வீட்டில் மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. மணி வந்தான், ஸ்ரீராம் வந்தான், பேச்சி வரவில்லை. மறுநாளும் இல்லை. இசக்கியின் போன் அணைந்திருந்தது. கட்டில் வாங்கிப் போட்டாச்சு என்று பேச்சியின் அப்பா சொன்னது காதிலேயே இருந்தது. படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம், மூன்று பேருமாகப் படியேறி வந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வருகிறார்கள். விடைத்தாள் பேச்சி கையில். வாங்கிப் பார்த்தேன். கணக்கில் ஜெயித்துவிட்டாள். வகுப்பில் முதலெல்லாம் இல்லை, ஜெயித்துவிட்டாள், அவ்வளவுதான். நான் இசக்கியைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் கண் கலங்கியிருந்தது சந்தோஷத்தினால் இல்லை.

ஊரில் அத்தை, பரணில் இருக்கிற சதுர டப்பாவை எடு என்றிருக்கிறாள். பேச்சி நீள டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அத்தை சொன்னதைப் பேச்சியின் அப்பா அப்படியே சொன்னார்: 'பிள்ளைக்குத் தமிழ் போச்சுல தம்பி. மலையாளத்தா ஆயிட்டா. இங்கன விட்டுட்டுப் போ.' ஜூனில் மலையாளம் வராததால் ஊருக்கு. இப்போது மலையாளம் வந்துவிட்டதால் ஊருக்கு! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சந்தோஷமாக இல்லை. வேலைப் பையைத் துழாவி, சாம்பிளுக்கு வைத்திருந்த ஒரு டைல்ஸை எடுத்தார். கையகலம், நாலு பக்கமும் ஒன்று. மகள் முன்னால் நீட்டி, "இது என்னன்னு சொல்லுட்டி" என்றார். மணி ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டான். இசக்கி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பேச்சி டைல்ஸைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். "யாருகிட்ட சொல்லணும்ப்பா? டீச்சர்கிட்டயா, அத்தைகிட்டயா?" அவர் திகைத்துப்போனார். "எங்கிட்ட" என்றார். "உங்ககிட்டன்னா டைல்ஸ்" என்றாள். மணிதான் முதலில் சிரித்தான். அப்புறம் இசக்கி. கடைசியாக அவர், சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. சிரித்து முடித்து டைல்ஸைப் பைக்குள் போட்டார். இசக்கி பயந்துகொண்டே, "அப்ப பிள்ள?" என்றாள். அவர் பேச்சியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஆளுக்குத் தக்கன பேசப் படிச்சிட்டா. இனி எங்க விட்டாலும் பொழைச்சிக்கிடுவா. பொழைக்கது நம்ம கண்ணுக்கு முன்னாலயே பொழைக்கட்டும்."

முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும் எந்தப் பாஷையில் தேடினாலும் ஒரு வரையறை கிடைத்துவிடுகிறது. ட்யூஷன் எடுக்கிறவளின் கவலைக்குத்தான் வரையறையே கிடையாது.